சதுர அடிக்கு ஒரே விலை வச்சா என்ன? ஆத்தங்குடிப் பட்டறையில ஆரம்பிச்ச பேச்சு

பட்டறைக்காரன் (ஆத்தங்குடி)

வணக்கம் மக்களே. எங்க பக்கம் டைல்ஸ் பட்டறை வச்சிருக்கிற கொஞ்சப் பேர் கூடிப் பேசினோம். பேச்சு எங்கெங்கேயோ சுத்திட்டு ஒரு யோசனையில வந்து நின்னுச்சு. சதுர அடிக்கு இவ்வளவுன்னு அடிவிலை ஒண்ணு வச்சுக்குவோம், அதுக்குக் கீழே யாரும் ஆர்டர் எடுக்கக் கூடாது.

காரணம் இதுதான். வெளியூர்ல இருந்து கான்ட்ராக்டர் வர்றார். முதல் பட்டறையில விலை கேக்குறார், அதைச் சொல்லியே ரெண்டாவது பட்டறையில குறைக்கிறார், அதையும் சொல்லி மூணாவதுல குறைக்கிறார். பொழுது சாயுறதுக்குள்ள கூலி மட்டும் தேறுற விலைக்கு எவனாவது ஒருத்தன் தலையாட்டிடுறான். அந்தப் பக்கம் சிமென்ட் கடையில போய் நாம பேரம் பேச முடியுதா? மூட்டைக்கு என்ன விலை சொல்றானோ அதான் விலை. ஒரு பக்கம் மிதிக்கிறான், மறுபக்கம் பிடுங்குறான்.

எனக்கு ரெண்டு மனசா இருக்கு. அடிவிலை வைக்கிறது நியாயமா, சட்டத்துல இடம் இருக்கா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


குரூப்2 தம்பி

அண்ணே, நான் பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டிருக்கேன், இப்ப இந்தப் பாடத்துலதான் இருக்கேன். நிறைய விற்பனையாளர், நிறைய வாங்குவோர், யார் வேணும்னாலும் தொழிலுக்குள்ள வரலாம், போகலாம். இது நிறைவுப் போட்டி. அதுல விலையைச் சந்தைதான் முடிவு பண்ணும், நீங்க அதை ஏத்துக்கிறவர் மட்டும்தான். நீங்க எல்லாரும் சேர்ந்து விலை வச்சா அது சில்லோர் முற்றுரிமை, அதாவது சில பேர் கையில மட்டும் இருக்கிற சந்தை மாதிரி ஆயிடும்னு நினைக்கிறேன்.


பழைய சாமான் (முனீஸ்வரன் கோயில் தெரு)

தம்பி நாலு மார்க் கேள்விக்குப் பதில் சொல்லிடுச்சு. பட்டறைக்காரருக்குப் பதில் யாரு சொல்றது?


வாத்தியார் (தேவகோட்டை)

தம்பியைக் கிண்டல் பண்ண வேண்டாம், பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் பொருளியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொழிலுக்கு ஒரே ஒரு சந்தைதான் என்று எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பட்டறைக்காரர் ஒரே நாளில் மூன்று சந்தைகளில் நிற்கிறார். சிமென்ட் வாங்கும் இடத்தில் எதிரே இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய நிறுவனங்கள். ஆள் பிடிக்கும் இடத்தில் எதிரே இருப்பவர்கள் நம் ஊர்த் தொழிலாளர்கள். டைல்ஸ் கல் விற்கும் இடத்தில் எதிரே கான்ட்ராக்டர், பக்கத்தில் மற்றப் பட்டறைகள், முதுகுக்குப் பின்னால் குஜராத்தின் மோர்பி. நாட்டின் செராமிக் டைல்ஸில் பெரும்பங்கு மோர்பியில்தான் ஆகிறது.

கல் விற்கும் சந்தையை நிறைவுப் போட்டி என்று நான் சொல்ல மாட்டேன். நிறைவுப் போட்டியில் சரக்கு ஒன்றுக்கொன்று வேற்றுமை இல்லாமல் இருக்க வேண்டும். ஒருவர் பட்டறையில் நிறம் சுத்தமாக விழும், இன்னொருவர் பழைய வீட்டுத் தளத்தைப் பார்த்து அதே அச்சை வெட்டித் தருவார், வேறொருவர் சொன்ன தேதிக்கு லாரி ஏற்றுவார். இப்படிச் சரக்கில் சிறு வேற்றுமையும், நுழைவதற்குத் தடையில்லாமையும் சேர்ந்திருப்பதுதான் முற்றுரிமைப் போட்டி. 1933இல் இங்கிலாந்தில் ஜோன் ராபின்சனும் அமெரிக்காவில் சேம்பர்லினும் தனித்தனியாக எழுதி இந்த நடுநிலத்தைப் பாடத்துக்குள் கொண்டுவந்தார்கள். இதில் விற்பவருக்குத் தன் விலைமேல் கொஞ்சம் பிடி உண்டு. கொஞ்சம்தான். பக்கத்துப் பட்டறை இருக்கிறதே.

சிமென்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம், சிமென்ட் நிறுவனங்கள் கூடிப் பேசி விலையையும் உற்பத்தியையும் கட்டுப்படுத்தியதாகச் சொல்லி 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடு, மறுவிசாரணை என்று வெகுகாலம் இழுத்தது. நான் சொல்ல வருவது வேறு. அவர்களைப் பிடித்த அதே சட்டம், 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, உங்கள் அடிவிலைக்கும் பொருந்தும். ஒரே சரக்கை விற்பவர்கள் கூடி விலை நிர்ணயித்தால் அது போட்டிக்குக் கேடு என்று சட்டம் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும். கேடு இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தலையில். சங்கம் என்ற பெயரில் செய்தாலும் அதே கதிதான். தண்டம் விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை, அல்லது லாபத்தைப் போல மூன்று மடங்கு வரை, எது அதிகமோ அது, ஒவ்வோர் ஆண்டுக்கும்.


பட்டறைக்காரன் (ஆத்தங்குடி)

சிமென்ட் கம்பெனியும் நானும் ஒண்ணா சார்? அவன் விலை ஏத்துனா நாடே வீடு கட்ட முடியாம நிக்கும். நான் ஏத்துனா கான்ட்ராக்டர் மோர்பிக்குப் போன் போடுவான், அவ்வளவுதான்.


வாத்தியார் (தேவகோட்டை)

அதைத்தான் உங்கள் வாதமாக வைக்கலாம், நியாயமான வாதம். ஆனால் அதே வாதம் உங்கள் யோசனையையும் வெட்டுகிறது, கவனித்தீர்களா? நீங்கள் ஏற்றினால் வாங்குபவர் மோர்பிக்குப் போய்விடுவார் என்றால் அடிவிலை நிற்காது. அவர் போகவே மாட்டார், ஆத்தங்குடிக் கல்லேதான் வேண்டும் என்பார் என்றால், ஒன்று சேராமலே ஒவ்வொருவரும் விலையை ஏற்றிக் கேட்கலாம்.


பலகார ஆச்சி (காரைக்குடி)

வாத்தியார் சொல்றது எனக்கு நல்லா விளங்குது. நான் வீட்டுல பலகாரம் போட்டு விக்கிறவ. தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, கைமுறுக்கு, கல்யாணச் சீருக்கும் போட்டுத் தர்றேன். பக்கத்துத் தெருவுல கிலோவுக்கு என்னைவிடக் குறைச்சலா தர்றாக. எனக்குன்னு இருக்கவுக எங்கிட்டதான் வருவாக, கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் கூரியர் போகுது. அந்தத் தைரியத்துல ஒரு தீபாவளிக்கு ரொம்ப ஏத்துனேன். வாடிக்கையில நல்ல பாதி அந்தத் தெருவுக்கே போயிருச்சு. கைமணத்துக்கு இவ்வளவுதான் விலைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு மேல போனா மணம் மறந்துரும்.

ஆனா பட்டறைத் தம்பி சொன்ன கூலிக் கதை எனக்குத் தலைகீழா இருக்கு. கை முறுக்குச் சுத்த ஆள் கிடைக்கமாட்டேங்குது. முன்னெல்லாம் நாம குடுத்தது கூலி. இப்ப அவுக கேக்குறது கூலி.


சாக்கோட்டை சம்சாரி

நல்லா கேக்கட்டும் ஆச்சி. கோவிக்காதீங்க.


பலகார ஆச்சி (காரைக்குடி)

கோவமெல்லாம் இல்லப்பா. ஏன் மாறுச்சுன்னு கேக்குறேன்.


வாத்தியார் (தேவகோட்டை)

ஆச்சி, முன்பு உங்கள் தெருவைச் சுற்றி வேலை கொடுப்பவர்கள் சிலரே. வாங்குபவர் ஒருவர் இருந்தால் வாங்குவோர் முற்றுரிமை என்போம். ஊர்க் கூலிச் சந்தைகள் பலவும் அதற்கு அருகில்தான் இருந்தன. வேலை செய்பவருக்குப் போக்கிடம் இல்லாதவரை, அவர் செய்து தரும் வேலையின் மதிப்புக்கும் கையில் வாங்கும் கூலிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி முதலாளிக்குப் போகும்.

போக்கிடத்தை உண்டாக்கியவை இரண்டு என்பேன். நூறு நாள் வேலை, வயல் கூலிக்கு அடியில் ஒரு தரையைப் போட்டது. அடுத்தது, நான் பெரிதாக மதிப்பது, 2021 மே மாதம் வந்த மகளிர் கட்டணமில்லா நகரப் பேருந்து. கல்லலிலோ கோட்டையூரிலோ இருக்கும் பெண்ணுக்குக் காரைக்குடிக் கடைத்தெரு வரை இப்போது போக்குவரத்துச் செலவில்லை. அவருக்கு எட்டும் தூரத்தில் உள்ள முதலாளிகளின் எண்ணிக்கை பெருகிவிட்டது. அரசு உங்கள் கூலியில் கை வைக்கவில்லை, சந்தையின் எல்லையைத்தான் நகர்த்தியது.

கூலி ஏறினால் வேலை குறையும் என்று பாடத்தில் போட்டிருக்கும். முதலாளிக்குப் பிடி இருக்கும் சந்தையில் அப்படித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. 1994இல் அமெரிக்காவில் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் நியூஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி ஏறிய பிறகு அங்குள்ள உணவகங்களையும், கூலி ஏறாத பக்கத்து மாநில உணவகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தபோது இந்த ஆய்வும் பேசப்பட்டது.


சாக்கோட்டை சம்சாரி

எங்க கதையையும் கேளுங்க சார். வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைஞ்சா ஒரு போகம். அறுத்த நெல்லை வச்சுக்காக்க இடமில்லை, ஈரம் இருக்கு, உரக்கடைக் கடன் இருக்கு. எல்லாரும் ஒரே வாரத்துல அறுக்குறோம். வர்ற யாவாரி சொல்றதுதான் விலை. ஊருக்கு ஒண்ணு ரெண்டு யாவாரி, அவங்களும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தக்காரங்க. இது என்ன போட்டி?


புதுவயல் அரவை

மில்லுக் கணக்கு எழுதுறவன் நான், எங்க பக்கத்தையும் சொல்றேன். புதுவயல்ல மில்லு வரிசையா இருக்கு, நெல்லுக்கு எங்களுக்குள்ள அடிதடிப் போட்டி. சம்சாரி சொல்ற அந்த ஒண்ணு ரெண்டு பேர் களத்துமேட்டுலதான். களத்துக்கும் மில்லுக்கும் நடுவுல லாரி வாடகை, ஈரக் கழிவு, கமிஷன் எல்லாம் நிக்குது. லாரி பிடிக்கத் தெம்பு உள்ளவன் நேரா மில்லுக்கே வந்து நல்ல விலை வாங்கிட்டுப் போறான். மூணு மூட்டைக்காரன் என்ன செய்வான்?


வாத்தியார் (தேவகோட்டை)

அருமையாகச் சொன்னீர்கள். ஒரே நெல், களத்தில் ஒரு சந்தை, பத்து மைல் தள்ளி வேறொரு சந்தை. நேரடி நெல் கொள்முதல் நிலையம் பக்கத்தில் திறந்திருக்கும் வாரங்களில் வியாபாரி சொல்லும் விலை தானாக ஏறுவதைச் சம்சாரி பார்த்திருப்பார். 2025-26க்கு மத்திய அரசு பொது ரக நெல்லுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அங்கே போய் விற்காதவருக்கும் அந்த எண் பேரம் பேசக் கைகொடுக்கிறது.


சாக்கோட்டை சம்சாரி

திறந்திருந்தா சார். திறந்திருந்தா.


ரங்கூன் பேரன் (கானாடுகாத்தான், இப்போது சிங்கப்பூர்)

இழையை இப்போதுதான் பார்த்தேன். பட்டறை அண்ணனுக்கு ஒரு வரலாற்று ஆறுதல். நம் ஐயாக்கள் செய்ததும் இதுதானே? பர்மாவின் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்கள் மாதாமாதம் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. அந்தக் கட்டுப்பாடு இருந்ததால்தானே கடலுக்கு அப்பால் அவ்வளவு பெரிய தொழில் நடந்தது, செட்டிநாடு வளர்ந்தது? இன்று நாம் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு கிடக்கிறோம்.


வாத்தியார் (தேவகோட்டை)

இதில் இரண்டு இடங்களில் நான் உங்களோடு உடன்படவில்லை.

கோயிலில் முடிவான நடப்பு வட்டி, செட்டியார் கடைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான வட்டி. தவணைப் பணத்துக்கான வட்டியும் அதை ஒட்டியே நகரும். ஐராவதி டெல்டாவில் நெல் போட்ட பர்மியர் கட்டிய வட்டி அங்கே முடிவாகவில்லை. அடமானம் என்ன, ஆள் எப்படி என்று பார்த்து அந்தந்தக் கடை ஏஜென்ட் வைத்தது அது. இன்றைக்கு வங்கிகள் தமக்குள் ஓரிரவுக்குக் கடன் கொடுத்துக்கொள்ளும் வட்டி இருக்கிறதே, அதற்குத்தான் நடப்பு வட்டி நெருக்கம். ஒரு கடைக்குப் பணம் முட்டினால் பக்கத்துக் கடையில் உடனே புரட்டலாம், விலை தெரிந்தது, ஏமாற்றினால் கோயிலிலும் பெண் கொடுக்கும் வீட்டிலும் முகம் காட்ட முடியாது. பணத்தை மலிவாகவும் வேகமாகவும் நகர்த்திய ஏற்பாடு. அடிவிலையோடு இதைச் சேர்க்க முடியாது.

செட்டிநாடு வளர்ந்தது என்றீர்களே, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பர்மா வளர்ந்ததைப் பார்ப்போம். கீழ்ப் பர்மாவை 1852இல் வெள்ளைக்காரர் பிடித்தார்கள், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1850களின் நடுவில் அங்கே 7, 8 லட்சம் ஏக்கரில் இருந்த நெல் சாகுபடி 1905-06இல் 60 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. அரிசி ஏற்றுமதி 1,62,000 டன்னிலிருந்து 20 லட்சம் டன் ஆனது. வளர்ச்சிக்கு என்னென்ன வேண்டும் என்று தம்பி படிக்கும் பட்டியல் முழுவதும் அதில் இருக்கிறது. நிலம் காட்டாக இருந்தது, உழைப்பு மேல் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது, கப்பல் வந்தது, வெளிநாட்டுத் தேவை வந்தது, மூலதனம் நம்மிடமிருந்து போனது. 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கே செட்டியார்கள் போட்டிருந்த பணத்தை 75 கோடி ரூபாய் அளவு என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி.

ஒன்று மட்டும் அதிகம் மாறவில்லை. ஓர் ஆள் ஓர் ஏக்கரில் எவ்வளவு எடுத்தார் என்பது. ஏக்கர் கூடியதால் வந்த வளர்ச்சி அது. சேர்க்கச் சேர்க்க ஏறும், சேர்க்க இடமில்லாதபோது நிற்கும். 1956இல் ராபர்ட் சோலோ சொன்னதன் சாரமும் இதுதான். மூலதனத்தைக் குவிப்பது மட்டும் நெடுங்காலம் ஓடாது, ஓட வைப்பது செய்முறையில் வரும் முன்னேற்றம்.


சாக்கோட்டை சம்சாரி

பெருமையா பேசுறீங்க எல்லாரும். அந்த நெல்லைப் போட்டவன் கதி என்ன ஆச்சு? எங்க கதிதானே?


வாத்தியார் (தேவகோட்டை)

அதே கதிதான், அதைவிட மோசமும்கூட. 1920களில் பெரிய ஐரோப்பிய அரிசி ஆலைகள் சில சேர்ந்து நெல் வாங்கும் விலையை அமுக்கி வைத்தன, அந்தக் கூட்டுக்கு புல்லிங்கர் பூல் என்று பெயர். பட்டறைக்காரர் விற்பவராக நினைப்பதை அவர்கள் வாங்குபவராகச் செய்தார்கள். பிறகு உலகப் பெருமந்தம் வந்தது. 1930-31இல் நெல் விலை பாதிக்குச் சரிந்தது, கடன் அப்படியே நின்றது. முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் கையில் இருந்த நிலம் 6 விழுக்காடு, 1937இல் 25 விழுக்காடு. ஆசைப்பட்டு வாங்கிய நிலம் இல்லை, வராத கடனுக்கு விழுந்த நிலம். நிலத்தைப் பிடித்தவருக்கும் நட்டம், இழந்தவருக்கும் நட்டம். பர்மியர் கண்ணுக்குத் தெரிந்தது மட்டும் நம் ஏஜென்ட். அரிசிக் கம்பெனி கணக்கு லண்டனில் இருந்தது, அது யாருக்கும் தெரியவில்லை.

1942இல் ஜப்பான் வந்தது. 1948இல் விடுதலையடைந்த பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது.


ரங்கூன் பேரன் (கானாடுகாத்தான், இப்போது சிங்கப்பூர்)

இதை எங்கள் வீட்டில் வேறு மாதிரிச் சொல்வார்கள். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் கதைதான் எங்களுக்குத் தெரியும். சரி. ஆனால் செட்டிநாடு வளரவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? கானாடுகாத்தானைப் பாருங்கள், வீட்டைப் பாருங்கள். பர்மாத் தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி. பள்ளிக்கூடம், ஊருணி, கோயில் திருப்பணி.


வாத்தியார் (தேவகோட்டை)

வருமானம் வந்தது, உற்பத்தி வரவில்லை. இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

ஒரு ஊரின் உள்நாட்டு உற்பத்தி என்பது அந்த எல்லைக்குள் ஆனது. மோல்மீனிலும் ரங்கூனிலும் கிடைத்த வட்டி பர்மாவின் உற்பத்தியிலிருந்து பிரிந்து வந்த பங்கு. அது இங்கே வந்தபோது, வீடு கட்டிய ஆண்டில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை, அந்த ஆண்டு முதலீடாகக் கணக்கில் ஏறும். கட்டி முடித்தபின் வீடு அடுத்த ஆண்டு நெல்லை அரைக்காது, நூலை நூற்காது. நூறு தூண் வீட்டில் நூறு தூணும் நின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான். அங்கே சந்தை மூடியதும் இங்கே அடுப்பு அணைந்தது. இன்றைக்கு வளைகுடாப் பணமும் சிங்கப்பூர்ப் பணமும் அப்படித்தான். அங்கேயே வசிப்பவர் குடும்பத்துக்கு அனுப்பும் பணம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேராது. அதை வைத்து இங்கே எதை உண்டாக்குகிறோம் என்பதுதான் சேரும்.

இன்னொரு வழியில் போனவர்களும் உண்டு. பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் 1900இல் மோல்மீனில் வட்டிக்கடையாகத் தொடங்கியது. ஜப்பான் வருவதற்கு முன்பே பணத்தை இந்தியாவுக்கு நகர்த்தி, 1949இல் டிஐ சைக்கிள்ஸ் என்று ஆலைக்குள் இறங்கியது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார். வேரும் ஆளும் செட்டிநாடு, ஆலை நின்ற இடம் பெரும்பாலும் வேறு. துறைமுகம், மின்சாரம், ஆள், உதிரிபாகம் செய்பவர் எல்லாம் கூடும் இடத்துக்குத்தான் ஆலை போகும்.


பழைய சாமான் (முனீஸ்வரன் கோயில் தெரு)

வீடு ஒண்ணும் அரைக்காதுன்னு சொன்னீங்களே சார், எங்க தெருவுல அதைத்தான் அரைச்சுக்கிட்டிருக்கோம். பங்காளிக நாப்பது பேர், ஆளுக்கொரு தேசத்துல. கூரை ஒழுகுது, பழுதுபார்க்க ஒருத்தர் பணம் போட்டா எல்லாருக்கும் பலன், அதனால ஒருத்தரும் போடுறதில்லை. கடைசியில இடிக்கச் சொல்லிருவாக. கதவு, தூண், எனாமல் தூக்குச்சட்டி எல்லாம் எங்ககிட்ட வரும்.

விலை விஷயம் உண்மையைச் சொல்லிடுறேன். கதவோட மதிப்பு எனக்குத் தெரியும், விக்கிறவருக்குப் பாதி நேரம் தெரியாது. அதே கதவை நான் வெளியூர்க்காரருக்கு விக்கும்போது அசல் பர்மாத் தேக்கான்னு அவருக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் தெரிஞ்சவன் நடுவுல நிக்கிறேன்.


குரூப்2 தம்பி

சார், அந்தக் கதவு விக்கிறது ஜிடிபில சேருமா?


வாத்தியார் (தேவகோட்டை)

கதவு சேராது தம்பி, அது என்றோ செய்த சரக்கு. அவர் நடுவில் நின்று எடுக்கும் லாபம் மட்டும் இந்த ஆண்டுச் சேவையாகச் சேரும். ஒரு வீடு அழிந்தது ஜிடிபியில் கழிபடாது. இதைப் பரீட்சையில் கேட்டால் இப்படியே எழுது.


புதுவயல் அரவை

இப்ப தமிழ்நாடு நல்லாத்தானே வளருது? 2024-25ல 11 விழுக்காட்டுக்கு மேலன்னு பேப்பர்ல போட்டாங்க.


வாத்தியார் (தேவகோட்டை)

11.19 விழுக்காடு, நிலையான விலையில், அதாவது விலைவாசி ஏற்றத்தைக் கழித்தபின். பெரிய எண்தான். விழுக்காட்டின் அருமை தெரிய எழுபதை அதனால் வகுத்துப் பாருங்கள், எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரியும். 1950 முதல் 1980 வரை இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு வளர்ந்தது. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கழித்தால் தலைக்கு ஒன்றேகால், ஒன்றரை. ஒரு மனிதர் தன் வருமானம் இரட்டிப்பாவதைப் பார்க்க அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டிய வேகம் அது. அந்தக் காலத்தில் ஆலை வைக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், உரிமம் கிடைத்தவருக்குப் போட்டி கிடையாது. சந்தைக்கு வேலி போட்டது அரசு. 1991இல் வேலியின் பெரும்பகுதி போனது.

வளர்ச்சி மாநிலத்தில் எங்கே உட்காருகிறது என்பது வேறு கேள்வி. ஶ்ரீபெரும்புதூரில் கார் கூடினால் சாக்கோட்டையில் நெல் விலை ஏறாது. ஆனால் சாக்கோட்டைப் பையன் ஶ்ரீபெரும்புதூர் போவான், இங்கே ஆச்சிக்கு ஆள் கிடைக்காது. அந்த வழியாக வரும்.


மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. மேலே சாதியைச் சுட்டி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்குத் திரும்புங்கள்.


ரங்கூன் பேரன் (கானாடுகாத்தான், இப்போது சிங்கப்பூர்)

ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுத் திரும்புகிறேன். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948இல் நேரு அடிக்கல், 1953இல் திறப்பு. வாத்தியார் சொல்லும் 'செய்முறையில் முன்னேற்றம்' நம் வாசலிலேயே இருக்கிறது. ஏன் சுற்றிலும் தொழிற்சாலை வரவில்லை?


வாத்தியார் (தேவகோட்டை)

அறிவு மட்டும் ஊரில் இருந்தால் போதாது, அதைக் காசாக்கும் நிறுவனம் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே தயாரான அறிவுக்கு வாங்குபவர் சென்னையிலும் புனேயிலும் இருந்தார்கள். என் கணிப்பு இது, மாறுபடுபவர்கள் சொல்லலாம்.

மட்டுறுத்துநர் சொன்னபடி பட்டறைக்கு வருகிறேன். 2025இல் பொருளியல் நோபல் ஜோயல் மொகீர், பிலிப் அகியோன், பீட்டர் ஹோவிட் மூவருக்கும் கிடைத்தது. புதியது வந்து பழையதைத் தள்ளுவதில்தான் வளர்ச்சி பிறக்கிறது என்பது பின்னவர் இருவரின் கணக்கு. அவர்கள் கண்ட இன்னொன்று நமக்கு நேராகப் பயன்படும். போட்டியே இல்லாத இடத்தில் யாரும் புதிதாக எதையும் முயல்வதில்லை, தேவையில்லை. போட்டி கழுத்தை நெரிக்கும் இடத்தில், முக்கியமாகப் பின்தங்கியவர்கள், முயல்வதை விட்டுவிடுகிறார்கள். முயன்றாலும் மிஞ்சாது. நடுவில் ஏதோ ஓரிடத்தில்தான் புதுமை அதிகம்.

பட்டறைகள் அந்த இரண்டாவது பக்கத்தில் நிற்கின்றன. அதனால் பட்டறைக்காரரின் வலி உண்மை. அடிவிலை உங்களை ஒரே எட்டில் முதல் பக்கத்துக்குத் தள்ளும், கூடவே சட்டச் சிக்கல். கிடைக்கும் கூடுதல் காசு அடுத்த அச்சுக்கும் நல்ல நிறத்துக்கும் போகுமா, மாடி கட்டப் போகுமா என்று என்னைக் கேட்டால், நம் வரலாறு எனக்கு நம்பிக்கை தரவில்லை.


பட்டறைக்காரன் (ஆத்தங்குடி)

அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க? வேண்டாம்னு சொல்றது லேசு.


புதுவயல் அரவை

சிமென்டைச் சேர்ந்து வாங்குங்களேன். நாங்க சாக்கு அப்படித்தான் எடுக்கிறோம். கடையை விட்டுட்டு லோடு கணக்குல டிப்போவுல இருந்து எடுத்தா கடைக்காரன் கமிஷன் மிஞ்சும்.


வாத்தியார் (தேவகோட்டை)

நானும் அதையே எழுத வந்தேன். சேர்ந்து விலை ஏற்றுவதைப் பார்க்கும் கண்ணால் சேர்ந்து வாங்குவதைச் சட்டம் பொதுவாகப் பார்ப்பதில்லை, நீங்கள் நாட்டுச் சிமென்ட் சந்தையில் ஒரு துளி. பதிவு செய்த ஒரு சங்கமாகச் செய்யுங்கள், ஒரு வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள், நான் வக்கீல் இல்லை. விற்பனை விலையைப் பற்றி மட்டும் அந்தக் கூட்டத்தில் பேச்சே எடுக்காதீர்கள்.

அடுத்தது பெயர். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதுபோன்ற அடையாளம் விலையைக் கட்டாது, வேறு ஊரில் அச்சுப்போட்டு உங்கள் ஊர்ப் பெயரில் விற்பவரைத் தடுக்கும். ஒற்றுமையை அதில் காட்டுங்கள்.


பலகார ஆச்சி (காரைக்குடி)

தம்பி, விலை கேக்க வர்றவுகளை மூணு பட்டறை சுத்த விடாதீக. உங்க கல்லு எங்கே போட்டிருக்குன்னு பழைய வேலையைக் காட்டுங்க. என்கிட்ட விலை மட்டும் கேக்குறவுகளுக்கு நான் முதல்ல ருசி குடுத்துட்டுத்தான் விலை சொல்லுவேன்.


பட்டறைக்காரன் (ஆத்தங்குடி)

சரி ஆச்சி. ஒண்ணு வெளிப்படையா சொல்றேன், விலை குறைச்சு எடுக்கிறவன் பாதிப் பேருக்குத் தரத்துல பயம். கல்லு போட்ட ஆறு மாசத்துல மேல வெள்ளையா உப்பு பூத்துருது சில இடத்துல, மழைக்காலத்துல செஞ்ச கல்லுல அதிகம். கஸ்டமர் கோவிச்சுக்கிட்டுப் பாதிக் காசைப் பிடிச்சுக்கிறார். மணலா, தண்ணியா, தொட்டியில ஊறப்போடுற நாள் பத்தலையா, தெரியலை. பச்சை, நீலம் நிறமும் சில வீட்டுல வெளுக்குது. அது நின்னா, சார் சொல்ற மாதிரி நான் தனியாவே விலை ஏத்திக் கேப்பேன். இதை யார்கிட்ட கொண்டுபோறது? அந்த மின்வேதியியல் ஆய்வகத்துல பார்ப்பாங்களா?


வாத்தியார் (தேவகோட்டை)

அவர்கள் வேலை துரு, பேட்டரி, முலாம் பக்கம். இது சிமென்ட் சமாசாரம். அழகப்பா செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் துறை இருக்கிறது, அங்கே முதலில் கேளுங்கள். உப்புப் பூத்த கல், பூக்காத கல், நீங்கள் பயன்படுத்தும் மணல், தொட்டித் தண்ணீர் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டி, தேதி எழுதி எடுத்துப் போங்கள். ஒரு பட்டறைக் கல் மட்டும் போதாது. நாலு பட்டறையிலிருந்தும் எடுத்தால்தான் காரணம் பிடிபடும்.


பட்டறைக்காரன் (ஆத்தங்குடி)

நாலு பேர்கிட்டயும் கேட்டுப் பாக்குறேன். தன் கல்லுல உப்பு பூக்குதுன்னு ஒத்துக்க ரெண்டு பேராவது முன்வரணும்.


குரூப்2 தம்பி

அண்ணே, என் ஃபிரண்டு அங்கதான் சிவில் மூணாம் வருஷம். புராஜெக்ட்டுக்கு என்ன எடுக்கிறதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டிருக்கான். நம்பரைத் தனிச்செய்தியில அனுப்புறேன், பாருங்க.